60 மி.மீ. ஃபிளாப் வீல்: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

6 மி.மீ. தண்டும் 60 மி.மீ. விட்டமும் 30 மி.மீ. அகலமும் கொண்ட அலுமினியம் ஆக்சைடு ஃபிளாப் வீல்களை (உலோகத்தைத் தேய்த்து மெருகேற்றும் துணி இதழ்ச் சக்கரங்கள்) 60, 80, 120, 240 ஆகிய நான்கு கிரிட்டுகளில் (தேய்ப்பு மணியின் நுண்மையைக் குறிக்கும் எண்) வாங்கி, வெல்டிங் முடிந்த ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் குழாய்களிலும் இரும்புச் சட்டங்களிலும் சில அலுமினிய வார்ப்புகளிலும் மூன்று மாதம் பயன்படுத்தினேன். வாங்கியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் உலோகத்தைக் குறைப்பதற்காக இதை வாங்குபவர் ஒரே வாரத்தில் குறை சொல்லத் தொடங்குவார்.

பெயர் ஒத்திருப்பதால் ஆங்கிள் கிரைண்டரில் மாட்டும் ஃபிளாப் டிஸ்க்கையும் இதையும் பலர் ஒன்றென எண்ணுகிறார்கள். டிஸ்க்கில் எமரி துணித் துண்டுகள் விறைப்பான தட்டின் மேல் ஒன்றையொன்று மூடியபடி ஒட்டப்பட்டிருப்பதால் அது வெல்டிங் மேட்டையே தேய்த்துத் தரைமட்டமாக்கிவிடும். வீலில் துணி இதழ்கள் நடு அச்சைச் சுற்றி விசிறிபோல் நிற்கின்றன. அவை வளைந்து கொடுப்பதால் குழாயின் வளைவிலும் உட்சுவரிலும் பள்ளம் விழாமல் மேற்பரப்பு மட்டும் சீராகிறது. நுனி தேயத் தேயப் புதிய தேய்ப்பு மணிகள் வெளிப்படுவதால், தொடக்கத்தில் கிடைத்த மெருகுக்கும் வீல் பாதியாகக் குறைந்த பின் கிடைத்த மெருகுக்கும் பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை. இந்த வீலில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வேலை கெடுவதெல்லாம் அழுத்தத்தில்தான். வேகமாக முடிக்கும் ஆசையில் கையை அழுத்தினால் இதழ்கள் முழுவதுமாக மடங்கி, நுனிக்குப் பதிலாகத் துணியின் பரப்பே உலோகத்தில் உரசுகிறது. வெட்டு குறைந்து சூடு ஏறுகிறது. முதல் நாள் இப்படிச் செய்து ஒரு ஸ்டெய்ன்லெஸ் குழாயில் நீலநிறம் ஏற்றிவிட்டு, அதை நீக்க அதைவிட அதிக நேரம் செலவிட்டேன். இதழ்களின் நுனி மட்டும் தொடும் அளவுக்குப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருந்தால் போதும். கூரிய விளிம்புகளை முதலில் அரத்தால் மழுக்கிவிட வேண்டும். இல்லையெனில் அவை இதழ்களைக் கிழித்துவிடும்.

உப்புத்தாளைப் போலவே கிரிட் எண் கூடக்கூட மணி நுண்மையாகிறது. 60இலிருந்து நேராக 240க்குத் தாவிப் பார்த்தேன். பளபளப்பு வந்தது, அதன் அடியில் பழைய கீறல்களும் அப்படியே தெரிந்தன. ஒவ்வொரு கிரிட்டிலும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றினால் முந்தைய கீறல் எங்கே மிஞ்சியிருக்கிறது என்பது கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

வேகத்தைப் பொறுத்தவரை, 60 மி.மீ. வீல் நிமிடத்துக்கு 10,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 31 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 20,000 சுற்றுக்கு மேல் ஓடும் டை கிரைண்டரில் (கையில் பிடிக்கும் அதிவேகத் தேய்ப்புக் கருவி) இதை மாட்டுவது ஆபத்தை அழைப்பதாகும். வீலில் அச்சிட்டுள்ள உச்ச வரம்பைப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும். தண்டு கோலெட்டுக்கு (கருவியில் தண்டைக் கவ்வும் பிடி) வெளியே அதிகம் நீண்டிருந்தால் அது வளையக்கூடும் என்பதால் அந்த வரம்பும் குறைகிறது.

இரும்பில் ஓடிய வீலை ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலில் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துகள் பின்னர் துருப்புள்ளியாக வெளிப்படும். அதனால் தண்டுகளில் வண்ணம் பூசிப் பிரித்து வைத்திருக்கிறேன். அலுமினியத்தில் இதழ்கள் விரைவில் அடைத்துக்கொண்டன. இடையிடையே மெழுகுக் கட்டியைத் தொட்டுக்கொண்டபோது நிலைமை தேறியது. அலுமினியத் தூசி தீப்பற்றக்கூடியது என்பதால் அது படிந்த இடத்தில் இரும்பைத் தேய்த்துப் பொறி பறக்கவிடக் கூடாது. கண்ணாடியும் முகமூடியும் எந்த உலோகத்துக்கும் கட்டாயம்.

குறைகளும் உண்டு. 240 கிரிட்டில் ஒரு வீல் பிசின் சரியாகப் பிடிக்காமல் இரண்டு இதழ்களை உதிர்த்தது. மற்றொன்று தண்டு நேராக இல்லாததால் அதிர்ந்தது, விற்றவர் அதை மாற்றித் தரவுமில்லை. மேலும், 60 கிரிட் வீல் ஸ்டெய்ன்லெஸ்ஸில் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் மழுங்கியது. அடுத்த முறை 80, 120, 240 ஆகியவற்றை இதே வகையில் வாங்கி, 60 கிரிட்டை மட்டும் சிர்கோனியா என்னும் வேறு வகைத் தேய்ப்பு மணியில் வாங்குவேன்.