கடலடி உயிர்களைக் கணக்கெடுக்க: கிராபா, கேமராவா?

ஆழமும் பருவமும் மாறும்போது கடலடி முதுகெலும்பிலிகள் எப்படி மாறுகின்றன என்று பார்க்க நினைப்பவர்களுக்கு முதல் குழப்பம்: கிராப் எனும் தாடை போல மூடும் கருவியால் சேற்றை அள்ளுவதா, கேமராவால் படம் எடுப்பதா?

எது கிடைக்கும்?
கிராப்: சேற்றுக்குள் வாழும் பாலிகீட் புழுக்கள், சிறு சிப்பிகள்.
கேமரா: மேலே நடமாடும் நட்சத்திர மீன், கடல் வெள்ளரி.

பருவம்
கிராப்: இந்த உயிர்களின் குஞ்சுகள் கடலடியில் வந்து இறங்கும் காலத்தில், அள்ளிய சேற்றைச் சலிக்க 1 மி.மீ. சல்லடை போதாது, பலவும் நழுவிவிடும், 0.5 மி.மீ. வேண்டும். அள்ளிய உயிர்கள் செத்துப்போகும், அதே இடத்தை மறுபடி பார்க்க முடியாது.
கேமரா: அதே இடத்துக்குத் திரும்பலாம். நீர் கலங்கினால் போச்சு.

ஆழம்
கீழே போகப் போக இரை குறையும், உயிர்களும் சிறுத்துச் சிதறும்.
கிராப்: இறங்கும் வேகத்தில் எழும் நீரலை மேல்படிவை ஊதித் தள்ளிவிடும். தாடையில் ஒரு சிப்பி ஓடு சிக்கினாலும் பாதிச் சேறு வழியிலேயே ஒழுகிவிடும். ஆழத்துக்குப் பாக்ஸ் கோரர் (சேற்றைப் பெட்டி வடிவில் அப்படியே வெட்டியெடுக்கும் கருவி) தான் சரி.
கேமரா: பெரும்பரப்பைப் பார்க்கும், பொடி உயிர்கள் தெரியாது.

உழைப்பு
கிராப் கருவி எளியது, நுண்ணோக்கியில் பிரிப்பதுதான் பாடு.

கரையோரச் சேற்றில் இனப்பட்டியல் வேண்டுமா, கிராப். பாறைத்தரை, பவளம் என்றால் யோசிக்காமல் கேமரா.