பழைய நீராவி எஞ்சின்: நிறுத்தி வைப்பதா, ஓட்டுவதா?

யார்டில் துருப்பிடித்துக் கிடக்கும் குறுகிய பாதை எஞ்சினை என்ன செய்வது? டார்ஜிலிங் மலைப் பாதையின் பி வகுப்பைப் பாருங்கள். தண்டவாளங்களுக்கு இடையே இரண்டடி அகலமுள்ள பாதைக்கான இந்த எஞ்சின்களில் 777ஆம் எண் எஞ்சின் டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1962இல் அமெரிக்காவுக்கு விற்கப்பட்ட 778ஆம் எண் எஞ்சின் பிறகு இங்கிலாந்து போய் மறுபடி ஓடியது.

செலவு
நிறுத்த: பெயின்ட், கூரை, வேலி.
ஓட்ட: நீராவி உண்டாக்கும் பாய்லர்தான் பணத்தை விழுங்கும். குழாய்களை மாற்ற வேண்டும், கரி எரியும் ஃபயர்பாக்ஸைச் சோதிக்க வேண்டும், தண்ணீர் அழுத்தச் சோதனையில் தேற வேண்டும். அப்புறமும் குறித்த காலத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு.

ஆயுள்
நிறுத்த: வெட்டவெளியில் வைத்தால் பாய்லர் உறைக்கு அடியில் ஈரம் தங்கி, வெளியே தெரியாமலே அரிக்கும். பித்தளைப் பாகங்களும் களவு போகும்.
ஓட்ட: தேய்மானம் உண்டு, ஆனால் கவனிக்க ஆள் இருப்பார்கள்.

ஆள்
நிறுத்த: காவலுக்கு ஒருவர் போதும்.
ஓட்ட: ஃபிட்டர், கரி போடும் ஃபயர்மேன், டிரைவர். இந்தக் கைத்திறன் அழியாமலிருப்பதே என் கண்ணுக்குப் பெரிய லாபம்.

தடமும் பட்டறையும் பக்கத்திலேயே இருந்து, பாய்லரும் தேறினால் தயங்காமல் ஓட்டுங்கள். 1905இல் கட்டிய கால்கா-சிம்லா எஞ்சின் கேசி 520 அப்படித்தான் மறுபடி ஓடியது. பாய்லர் தேறாவிட்டால் நிறுத்துங்கள், ஆனால் கட்டாயம் கூரைக்கு அடியில்.