தடுப்பூசி ஆய்வாளர் ஆக எந்த வழி: ஆய்வகமா, ஆலையா, களமா?

உயிரித் தொழில்நுட்பத்தில் முதுநிலை முடித்துவிட்டு "தடுப்பூசி ஆராய்ச்சிதான் செய்வேன்" என்று நிற்பவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன: பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், தயாரிப்பு நிறுவனத்தில் வேலை, மருத்துவப் பரிசோதனை நடக்கும் களம். பேராசிரியர்கள் பெரும்பாலும் முதல் வழியைத்தான் காட்டுவார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான்.

ஆய்வகத்தின் பெரிய வரம் அவகாசம். ஒரே புரதத்தின் பின்னால் ஐந்து வருடம் அலையலாம்; சோதனை தோற்றால் ஏன் தோற்றது என்று துருவலாம். ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், சிக்கனமாக இருந்தால் போதும். ஆனால், எலிக்குப் பலித்த மருந்து ஆயிரம் லிட்டர் தொட்டியில் என்ன ஆகும் என்பதை அங்கே யாரும் பார்ப்பதில்லை.

அதைப் பார்க்காததன் விலை 1955-இல் அமெரிக்காவில் தெரிந்தது. போலியோ தடுப்பூசியை உருவாக்கிய சால்க்கின் ஆய்வகத்தில் ஃபார்மலின் என்ற வேதிப்பொருள் போலியோ வைரஸைச் செயலிழக்க வைத்தது. கட்டர் நிறுவனம் பெரிய அளவில் தயாரித்தபோது, சில பேட்ச்களில் உயிருள்ள வைரஸ் தங்கிவிட்டது. பத்துப் பேர் இறந்தார்கள். நூற்றறுபதுக்கும் மேற்பட்டோர் முடங்கினார்கள். வடிகட்டுதல், சேமித்தல், கலங்கல் போன்ற சலிப்பூட்டும் சங்கதிகளை ஆலைதான் கற்றுத்தரும். அமெரிக்க ஆய்வாளர் மாரிஸ் ஹில்மன் 1944-இல் சிகாகோவில் பட்டம் பெற்றதும், பேராசிரியர்கள் முகம் சுளிக்க, ஸ்குவிப் மருந்து நிறுவனத்துக்குப் போனார். பிறகு மெர்க் நிறுவனத்தில் பல காலம் இருந்து, நாற்பதுக்கும் மேற்பட்ட தடுப்பூசிகளை உருவாக்கினார். ஆனால் எல்லாரும் ஹில்மன் ஆவதில்லை. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் மாட்டிக்கொண்டால் பதிவேடு நிரப்பியே வயது போய்விடும். அரசுச் சம்பளத்தில் இந்தக் கைவேலையைக் கற்க குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் கிண்டி பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) ஆய்வகமும் இருந்தன. 2008-இல் அவற்றின் உரிமத்தை மத்திய அரசு நிறுத்திவைத்தபோது, தடுப்பு மருந்தோடு ஒரு தலைமுறையின் பயிற்சியும் தடைபட்டது என்பது என் ஆதங்கம்.

களத்துக்குத்தான் மதிப்புக் குறைவு. என் ஓட்டு அதற்கே. செங்கல்பட்டில் 1968-இல் தொடங்கிய பி.சி.ஜி. பரிசோதனையில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவு, கிராமம் கிராமமாக நடந்த பிறகே தெரிந்தது. டெல்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் சோதித்த, ரோட்டா வைரஸுக்கு எதிரான ரோட்டாவேக் தடுப்பு மருந்து, கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை முதல் வயதில் சுமார் 56 சதவீதமே தடுத்தது. வேறொரு ரோட்டா மருந்து ஐரோப்பாவில் 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. நம் குழந்தைகளின் குடலில் ஏன் இந்த வித்தியாசம் என்ற கேள்வி, ஐரோப்பிய ஆய்வகத்து மேசையில் எப்படி முளைத்திருக்கும்?

களத்தில் சின்னச் சின்ன நுணுக்கங்களும் உண்டு. முத்தடுப்பு ஊசிக் குப்பி உறைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால், அதே பேட்ச்சில் ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருக்குவார்கள். இரண்டையும் குலுக்கி அருகருகே வைத்துக் கவனிப்பார்கள். உறைந்ததில் அலுமினிய உப்பு திரிதிரியாகி விறுவிறுவென்று அடியில் படியும். சந்தேகக் குப்பியிலும் அதே வேகத்தில் படிந்தால், தூக்கி எறிய வேண்டியதுதான். மருந்தைச் சரியான குளிரிலேயே கொண்டுசேர்க்கும் குளிர்ச் சங்கிலியைப் பற்றிப் பத்து வகுப்புகள் கேட்டாலும் இவ்வளவு உறைக்காது.

களத்தை மட்டும் நம்பினால் மாதிரி சேகரிப்பவராகவே நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. அமெரிக்க நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் கிஸ்மீகியா கார்பெட் செய்தது நல்ல கலவை. அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோதே, டெங்குவுக்கு எதிராக இலங்கைக் குழந்தைகளின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்களை ஆராய்ந்தார். பின்னர் மாடர்னாவின் கோவிட் தடுப்பூசியை வடிவமைத்த அரசு ஆய்வகக் குழுவில் முக்கிய இடம் பெற்றார்.

பிரான்சின் அன்சியிலும் சியோலிலும் நடக்கும் குறுகிய காலத் தடுப்பூசிப் பயிற்சிகள் அறிமுகங்களுக்கு நல்லவை, அவ்வளவே.

ஆகவே ஆய்வகத்தோடு களத்தையும் கலக்க, முனைவர் பட்டத்துக்கே சேருங்கள். சேரும் முன் வழிகாட்டியிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "ஆறு மாதம் களத்துக்கோ ஆலைக்கோ போக விடுவீர்களா?" மழுப்பினால் அடுத்த ஆய்வகத்துக்கு விண்ணப்பியுங்கள்.