ஆட்டோகேடில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை: எல்லாம் சரி, இந்த அலகுத் தொல்லையைத் தவிர

மகள் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டாள், கணினியில் வரைபடம் வரையும் ஆட்டோகேட் மென்பொருளைப் படிக்க வைத்து டிராஃப்டிங் வேலைக்கு அனுப்பலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஐடிஐயில் இரண்டு வருட டிராஃப்ட்ஸ்மேன் சிவில் படித்தவர்களும் இதே கேள்வியோடுதான் நிற்கிறார்கள். லைன், ஆஃப்செட், ட்ரிம், ஃபில்லட் போன்ற வரையும் கட்டளைகள் எல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும், அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நம் ஊரில் வீட்டு பிளான் வரையும் வேலைக்குப் போகிறவரை ஆட்டோகேட் தினம் தினம் எங்கே தடுக்கி விடுகிறது என்பதைத்தான் சொல்ல வேண்டும். அது அலகு. அடியா, இஞ்சா, மில்லிமீட்டரா, மீட்டரா என்ற ஒரே கேள்வி.

ஆட்டோகேடுக்கு அலகே தெரியாது. நீங்கள் 230 என்று அடித்தால் 230 என்ற எண்ணை வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மில்லிமீட்டரில் நினைத்து வரைந்தால் அது ஒன்பது இஞ்ச் சுவர். அதே 230-ஐ ஆர்க்கிடெக்சுரல் (அடி-இஞ்ச்) முறையில் இருக்கும் கோப்பில் அடித்தால் 19 அடி 2 இஞ்ச் நீளத்துக்கு ஒரு கோடு போகும், ஏனென்றால் அந்த முறையில் ஓர் அலகு என்பது ஓர் இஞ்ச். 1982-இல் வெளிவந்த நாளிலிருந்து அடிப்படை இதுதான். இயந்திர பாகம் வரைகிறவர் எல்லாவற்றையும் மில்லிமீட்டரிலேயே வரைவார், அவருக்கு இது தொல்லையே இல்லை. வீடு கட்டுகிற நாம்தான் மாட்டிக்கொள்கிறோம்.

நம் சைட்டில் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். மனை 40-க்கு 60 அடி. பத்திரத்தில் சென்ட் கணக்கு. சுவர் ஒன்பது இஞ்ச், தடுப்புச் சுவர் நாலரை இஞ்ச். கம்பி 8 எம்எம், ஆனால் இடைவெளி ஆறு இஞ்ச். டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி வைத்து அளந்த சர்வேயர் மீட்டரில் கோப்பு தருவார், அப்ரூவல் பிளானும் மீட்டரில் போகும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் மில்லிமீட்டரில் வரைவார். வீட்டுக்காரர் அடி இஞ்ச் தவிர வேறெதையும் ஏற்க மாட்டார். இந்த நான்கும் ஒரே மேசைக்கு வரும், அந்த மேசையில்தான் புது டிராஃப்ட்ஸ்மேன் உட்கார்ந்திருப்பார்.

கோப்பில் அலகைக் குறித்து வைக்க இன்ஸ்யூனிட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. 1 என்றால் இஞ்ச், 2 அடி, 4 மில்லிமீட்டர், 6 மீட்டர், 0 என்றால் எதுவுமில்லை. இது வெறும் பெயர்ச்சீட்டு. இதை மாற்றினால் வரைந்த கோடு ஒன்றுகூட நீளாது, குறையாது. ஆனால் பிளாக் (ஒருமுறை வரைந்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வடிவம்) செருகும்போதும் எக்ஸ்ரெஃப் (வெளியிலிருந்து சேர்க்கும் வேறொரு கோப்பு) இணைக்கும்போதும் ஆட்டோகேட் இந்தச் சீட்டை நம்பித்தான் பெருக்கும். இஞ்சில் வரைந்த கட்டில் பிளாக் ஒன்றின் கோப்பில் யாரோ 4 என்று விட்டுப் போயிருந்தால், உங்கள் மில்லிமீட்டர் பிளானில் அந்தக் கட்டில் 78 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தீப்பெட்டி போல வந்து விழும். சீட்டு சரியாக இருந்திருந்தால் தானாகவே 25.4-ஆல் பெருகி 1981 வந்திருக்கும். புதிதாக வருகிறவர் இது புரியாமல் ஸ்கேல் கட்டளையில் கண்ணளவுக்கு இழுத்துச் சரிசெய்வார். அங்கே தொடங்கும் பிழை கடைசி வரை கூடவே வரும்.

அடுத்தவர் கோப்பு கைக்கு வந்தால் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: டிஸ்ட் கட்டளையால் ஒரு வாசலை அளப்பது. மூன்றடி வாசல் 36 என்று காட்டினால் இஞ்ச். 914 அல்லது 900 என்றால் மில்லிமீட்டர். 0.9 என்றால் மீட்டர். 3 என்றால் அடியை ஓர் அலகாக வைத்து வரைந்திருக்கிறார்கள். இதுவும் நம் ஊரில் நிறைய உண்டு, மிக மோசமானதும் இதுதான், ஏனென்றால் 10 அடி 6 இஞ்ச் அங்கே 10.5 ஆகிவிடும், அதை 10 அடி 5 இஞ்ச் என்று படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சுவரையும் சேர்த்து அளங்கள்: 9, 230, 0.23, 0.75 இவற்றில் ஒன்று வரும். வரைபடத்தில் எழுதியிருக்கும் டைமன்ஷனை மட்டும் நம்பக் கூடாது. டைமன்ஷன் ஸ்டைலில் டிம்எல்ஃபேக் என்ற பெருக்கலை மாற்றி வைத்தால் 120 நீளக் கோடு 3048 என்று பேசும். அதைவிட மோசம், எண்ணை அழித்துவிட்டுக் கையால் எழுதுவது. ப்ராப்பர்ட்டீஸ் பலகையில் டெக்ஸ்ட் ஓவர்ரைடு என்ற இடத்தில் ஏதாவது இருந்தால் அந்த டைமன்ஷன் பொய் சொல்லக்கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இஞ்ச் கோப்பை மில்லிமீட்டராக்க ஸ்கேல் கட்டளையில் ஆல் கொடுத்து, அடிப்புள்ளி 0,0, காரணி 25.4 என்று அடிக்கத்தான் எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். அடி கோப்புக்கு 304.8, மீட்டருக்கு 1000. கணக்கு சரி. ஆனால் ஃப்ரீஸ் செய்து மறைத்த லேயரிலும் (வரைபட அடுக்கு) பூட்டிய லேயரிலும் இருப்பவை அப்படியே பழைய அளவில் நின்றுவிடும். முதலில் எல்லா லேயரின் ஃப்ரீஸையும் நீக்கி, பூட்டைத் திறந்துவிட்டுத்தான் ஸ்கேல் போட வேண்டும். அப்படியும் இரண்டு விஷயம் உதைக்கும். டைமன்ஷன் எழுத்து ஸ்டைலுக்குக் கட்டுப்பட்டது, கூடவே பெரிதாகாது. அதன் அளவைத் தீர்மானிக்கும் டிம்ஸ்கேலையும் மாற்றாவிட்டால் எழுத்தெல்லாம் எறும்பாகிவிடும். பிளாக்குகள் 25.4 என்ற செருகல் அளவோடு நிற்கும், ஆனால் உள்ளே இருக்கும் மூல வரையறை இஞ்சிலேயே இருக்கும். அதே ஜன்னல் பிளாக்கைப் புதிதாக ஒன்று செருகினால் அது 1 அளவில் வந்துவிடலாம். ஒரே பெயர், இரண்டு அளவு. பட்டியல் எடுக்கும்போதுதான் இது தெரியவரும், அதற்குள் பிரிண்ட் போயிருக்கும்.

இதைவிட நல்ல வழி, பழைய கோப்பின் கோடுகளைத் தொடாமல் அதன் இன்ஸ்யூனிட்ஸை மட்டும் உண்மையான அலகுக்கு மாற்றிச் சேமித்து, உங்கள் மில்லிமீட்டர் கோப்பில் எக்ஸ்ரெஃபாக இணைத்து, மேலே புதிதாக வரைவது. பெருக்கலை ஆட்டோகேடே செய்துவிடும். சர்வே கோப்புக்கு இந்த வழி மட்டும் போதாது. உண்மையான யுடிஎம் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் முறை) ஆயத்தொலைவோடு வந்தால் சென்னைப் பக்கம் வடக்கு எண் 14 லட்சம் மீட்டரைத் தாண்டும். மில்லிமீட்டராக்கினால் 140 கோடி. அவ்வளவு தூரத்தில் வரைந்தால் கோடு நடுங்கும், ஸ்னாப் (புள்ளியைப் பிடிப்பது) விலகும், ஹாட்ச் (உள்நிரப்புக் கோடுகள்) நிரம்பாது. சர்வே கோப்பைப் பிரதி எடுத்து, முழு எண்ணாக ஒரு நகர்த்தல் தூரத்தைத் தேர்ந்து மூவ் கட்டளையால் 0,0 பக்கம் கொண்டுவந்து, அந்தத் தூரத்தை டைட்டில் பிளாக்கிலேயே எழுதிவிட்டு, அந்தப் பிரதியை இணையுங்கள். கோவைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 78 பாகைத் தீர்க்கரேகைக்கு மேற்கே யுடிஎம் மண்டலம் 43, கிழக்கே 44. தமிழ்நாடு இரண்டிலும் கிடக்கிறது.

புதுக் கோப்பு திறக்கும்போதே பாதித் தவறு நடந்துவிடுகிறது. இரண்டு டெம்ப்ளேட் இருக்கும், ஐசோ என்று முடிவது மெட்ரிக், மற்றது இஞ்ச். இஞ்ச் டெம்ப்ளேட்டில் மில்லிமீட்டர் வரைந்தால் விடுகோடு இடைவெளி இல்லாத தொடர்கோடாகத் தெரியும். ஹிடன் கோட்டின் துண்டு இஞ்ச் கோப்பில் 0.25, மெட்ரிக்கில் 6.35. பத்து மீட்டர் சுவரில் கால் மில்லிமீட்டர் துண்டை எந்தக் கண்ணும் பார்க்காது. விடுகோட்டின் அளவை மாற்றும் எல்டிஸ்கேலை ஏற்றி இறக்கி மாலை முழுவதும் போகும். சொந்தமாக ஒரு டெம்ப்ளேட் செய்துவிடுங்கள்: மெஷர்மென்ட் 1 (மெட்ரிக்), இன்ஸ்யூனிட்ஸ் 4, விடுகோடு சார்ந்த எல்டிஸ்கேல், பிஎஸ்எல்டிஸ்கேல், எம்எஸ்எல்டிஸ்கேல் மூன்றும் 1, தாளில் எழுத்து உயரம் 2.5 மில்லிமீட்டர். யூனிட்ஸில் துல்லியத்தைப் பூஜ்யத்தில் வைக்காதீர்கள். 3047.6-ஐயும் அது 3048 என்றே காட்டும். வரையும்போது இரண்டு தசமம் இருக்கட்டும், டைமன்ஷன் ஸ்டைலில் மட்டும் பூஜ்யம்.

தாளுக்குக் கொண்டுபோகும் கணக்கு மனப்பாடமாக வேண்டும். லேயவுட் (அச்சுத் தாள் பக்கம்) மில்லிமீட்டரில் என்று வைத்துக்கொள்வோம், வேண்டியது 1:100. மாடல் (உண்மை அளவில் வரைந்த இடம்) மில்லிமீட்டரில் இருந்தால் வியூபோர்ட்டுக்குள் (தாளில் மாடலைக் காட்டும் ஜன்னல்) ஜூம் 0.01எக்ஸ்பி. இஞ்சில் இருந்தால் 0.254எக்ஸ்பி, அடியில் 3.048எக்ஸ்பி, மீட்டரில் 10எக்ஸ்பி. அடித்த கையோடு வியூபோர்ட்டைப் பூட்டிவிடுங்கள், மவுஸ் சக்கரம் ஒருமுறை உருண்டால் ஸ்கேல் போய்விடும். 40-க்கு 60 அடி மனை 1:50-இல் 244-க்கு 366 மில்லிமீட்டர். 297-க்கு 420 ஏ3 தாளில் டைட்டில் பிளாக்குக்கும் ஓரத்துக்கும் மூச்சுவிட இடம் இருக்காது. ஏ2-க்குப் போங்கள், அல்லது 1:100-இல் போட்டு ஏ3-இல் இரண்டு தளத்தையும் வையுங்கள்.

இவ்வளவு ஆத்திரத்துக்கும் நடுவே எதிர்பாராத சந்தோஷம் ஒன்று இந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது: ஆல்டர்நேட் யூனிட்ஸ். மில்லிமீட்டரில் வரைந்துவிட்டு, டைமன்ஷன் ஸ்டைலில் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஆர்க்கிடெக்சுரல் முறை, பெருக்கல் 0.03937, துல்லியம் அரை இஞ்ச், ரவுண்டிங் 0.5, மேல் எண்ணுக்குக் கீழே வரட்டும் என்று கொடுத்தால் போதும். 3048-க்குக் கீழே 10 அடி என்று விழும். 230-க்குக் கீழே 9 இஞ்ச், 115-க்குக் கீழே நாலரை. இன்ஜினியர் மேல் வரியைப் படிப்பார், மேஸ்திரி கீழ் வரியைப் படிப்பார், இருவருக்கும் ஒரே தாள். துல்லியத்தையும் ரவுண்டிங்கையும் கால் இஞ்சாக வைத்துவிடாதீர்கள். 3050, 230, 3660 மூன்றும் தனித்தனியே 10 அடி, 9 இஞ்ச், 12 அடி என்று அழகாக நிற்கும். மொத்தம் 6940 மட்டும் 22 அடி ஒன்பதேகால் இஞ்ச் என்று வரும். அந்தக் கால் இஞ்ச் எங்கிருந்து வந்தது என்று சைட்டில் கேட்டால் பதில் சொல்ல முடியாது. அரை இஞ்சில் வைத்தால் கூட்டல் ஒத்துவரும். நீண்ட சங்கிலியில் அப்போதும் விலகலாம், ஆகவே வெளி அளவு எழுதுமுன் கூட்டிப் பாருங்கள்.

பரப்புக்கும் இதே போல ஒரு வசதி. மில்லிமீட்டரில் ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி, 22,29,67,296 என்று காட்டும். எல்லையை வரைந்த பாலிலைனின் (ஒன்றாக இணைந்த கோடு) பரப்பை ஃபீல்டாக (தானாக மாறும் எழுத்தாக) செருகி, கூடுதல் வடிவமைப்பில் பெருக்கல் காரணி 0.0000107639 கொடுத்தால் சதுர அடி. அதை 435.6-ஆல் வகுத்தால் சென்ட். எல்லையை இழுத்து ரீஜென் (வரைபடத்தைப் புதுப்பிக்கும் கட்டளை) கொடுத்ததும் எண்ணும் தானாக மாறும். அறை அறையாக ஏரியா ஸ்டேட்மென்ட் போடுகிறவருக்கு இது பெரிய வரம்.

ஆட்டோகேட் செய்யும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் இன்னொரு கட்டட மென்பொருளான ரெவிட் இந்தத் தொல்லையை எப்போதோ முடித்துவிட்டது. உள்ளே எல்லாவற்றையும் அடியில் சேமித்து, வெளியே நீங்கள் கேட்ட அலகில் காட்டும். ப்ராஜெக்ட் யூனிட்ஸை எப்போது மாற்றினாலும் சுவர் அசையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மென்பொருளில் ஒன்று இப்படியும் மற்றது அப்படியும் இருப்பதை நினைத்தால்தான் கோபம் வருகிறது. கோப்பு திறக்கும்போது எந்த அலகு என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். கேட்பதில்லை.

எனவே என் தீர்ப்பு கொஞ்சம் முரணாகத்தான் இருக்கும். அலகு விஷயத்தில் ஆட்டோகேடுக்கு நான் தேர்ச்சி மதிப்பெண் கொடுக்க மாட்டேன். ஆனாலும் நண்பரின் மகளை இதையே படிக்கச் சொல்லுங்கள். சின்ன அலுவலகங்களில் கோப்பு ஆட்டோகேடின் டிடபிள்யூஜி வடிவத்தில்தான் கைமாறுகிறது. கட்டளைகளைக் கற்றுவிட்டால் இசட்டபிள்யூகேட், ஜிஸ்டார்கேட், பிரிக்ஸ்கேட் போன்ற ஒத்த மென்பொருள் எதில் உட்கார்த்தினாலும் கை தானாக ஓடும். சொந்தக் காசில் சந்தா கட்ட வேண்டாம். 2016-க்குப் பிறகு நிரந்தர உரிமம் விற்பதில்லை, ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இனி உதவாது. படிக்கும்போது ஒரு வருட மாணவர் உரிமம் இலவசம், கூலி வேலைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. பிறகு தனியாகத் தொழில் தொடங்கினால் ஆட்டோகேடின் சுருக்கப் பதிப்பான எல்டி போதும். 2024 பதிப்பிலிருந்து அதிலும் ஆட்டோலிஸ்ப் (கட்டளைகளைத் தானியக்கமாக்கும் நிரல்மொழி) ஓடுகிறது. இல்லாதது முப்பரிமாணம், வீட்டு பிளானுக்கு அது தேவையில்லை. எண் பலகை இல்லாத லேப்டாப் மட்டும் வாங்க வேண்டாம், நாள் முழுக்க எண்கள்தான் அடிக்க வேண்டும்.

பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுமுன் அடியில் வரைந்த ஏதாவது ஒரு வீட்டு பிளான் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோய், இதை ஏ3 தாளில் 1:100-க்கு எடுத்துத் தர முடியுமா என்று அங்கே சொல்லித் தருகிறவரிடம் கேளுங்கள். அவர் முதலில் ஒரு வாசலை அளந்து பார்த்தால் அங்கேயே சேர்த்துவிடுங்கள். நேராக பிளாட் (அச்சிடும்) ஜன்னலைத் திறந்து ஃபிட் டு பேப்பரில் (ஸ்கேல் பார்க்காமல் தாளுக்குப் பொருத்துவது) டிக் அடித்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த நிலையத்துக்குப் போங்கள்.