வெள்ளைக்காரப் பாட்டிகளோட கார்டிகன்: ஆறு வருஷம் போட்டுப் பார்த்ததுல தெரிஞ்சது

நான் லண்டன் வந்த முதல் குளிர்காலத்துல ஒரு பெரிய கடையில இருவது பவுண்டுக்கு புது ஸ்வெட்டர் ஒண்ணு வாங்கினேன், மூணே வாஷ், கை இடுக்குல எல்லாம் உருண்டை உருண்டையா நூல் திரண்டு கம்பளிப்பூச்சி மாதிரி ஆயிடுச்சு. அடுத்த மாசம் வீட்டுக்குப் பக்கத்துல, ஜனங்க தானமா குடுக்கற பழைய துணிய விக்கற சேரிட்டி ஷாப்ல ஒரு பச்சை கார்டிகன் நாலு பவுண்டுக்கு எடுத்தேன். முன்னாடி தோல் பட்டன், ரெண்டு பை, பார்த்தாலே யாரோ பாட்டியோடதுன்னு தெரியும். அதைத்தான் இப்ப டைப் பண்ணும்போதும் போட்டிருக்கேன், ஆறு வருஷம் முடிஞ்சுது.

உள்ளே லேபிள்ல செயின்ட் மைக்கேல்னு இருந்துச்சு. யாரோ சாமியார் கம்பெனின்னு நெனச்சேன். அப்பறம்தான் தெரிஞ்சுது, அது மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடையோட சொந்த பிராண்ட், 1928ல இருந்து 2000 வரைக்கும் அந்தப் பேர்லதான் வித்தாங்க. அதனால லேபிள்ல அந்தப் பேர் இருந்தா பெரும்பாலும் குறைஞ்சது இருவது வருஷப் பழசாத்தான் இருக்கும்.

இங்க ஒரு கடைத்தெருன்னு இருந்தா மூணு நாலு சேரிட்டி ஷாப்பாவது இருக்கும். ஜனங்க சும்மா குடுக்கறத வாலன்டியர்ஸ் பிரிச்சு வச்சு விப்பாங்க, காசு கேன்சர் ஆராய்ச்சிக்கோ, கடைசி காலத்து நோயாளிங்கள பாத்துக்கற ஹாஸ்பிஸுக்கோ போகும். ஆனா நல்ல சரக்கு எங்கிருந்து வருதுன்னா, ஒரு பாட்டி காலமாயிட்டாங்க, பிள்ளைங்க வீட்ட காலி பண்றாங்க, மொத்த பீரோவும் கருப்பு பையில கட்டி கடை வாசலுக்கு வந்துடும். இத அம்மாகிட்ட போன்ல சொன்னதுதான் தப்பாப் போச்சு. "ஏண்டி, நம்மூர்ல பழைய துணியப் போட்டு பாத்திரம் வாங்குவோம், நீ காசு குடுத்து செத்தவங்க துணிய வாங்கறியா"ன்னு ஒரு வாரம் பேசல. பச்சை கார்டிகன் காலருக்கு உள்ளே ஒரு சின்ன நாடா தச்சிருக்கும், அதுல ஒரு பேரும் ரூம் நம்பரும். முதியோர் இல்லத்துல லாண்டரில துணி மாறக்கூடாதுன்னு அப்படி தைப்பாங்க. அத மொதல்ல பிரிச்சுப் போடுன்னாங்க அம்மா. பிரிக்கல, ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல.

இதுவரைக்கும் ஒரு நாப்பது உருப்படி வாங்கியிருப்பேன், இன்னும் போடறது ஒம்போதுதான். அந்த ஒம்போதுல ஏழு சுத்தமான கம்பளி. நான் கத்துக்கிட்டது அவ்வளவுதான்: டிசைன அப்பறம் பாரு, உள்ளே லேபிள்ல என்ன நூல்னு மொதல்ல பாரு. ஆரம்பத்துல பூப்போட்ட பாலியஸ்டர் ப்ளவுஸ், கழுத்துல ரிப்பன் மாதிரி முடிச்சு போடறது, அஞ்சாறு வாங்கி பந்தாவா போட்டேன், அழகுதான், ஆனா பஸ்ஸுல ஹீட்டர் போட்டா உள்ளே புழுங்கி நாறுது, எல்லாத்தையும் திரும்ப அதே கடையிலேயே குடுத்துட்டேன்.

இருக்கறதுலேயே பெரிய லாபம் ஹாரிஸ் ட்வீட்ங்கற கெட்டிக் கம்பளித் துணியில தச்ச கோட்டு, 18 பவுண்ட். உள்பக்கம் உருண்டையும் சிலுவையும் போட்ட முத்திரை இருக்கணும், அதுதான் அடையாளம். ஸ்காட்லாந்துல அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுல இருக்கறவங்க அவங்கவங்க வீட்டுலேயே கைத்தறியில நெஞ்சாத்தான் அந்தப் பேர் வைக்கலாம்னு 1993ல தனி சட்டமே போட்டிருக்காங்க. நம்ம கைத்தறிக்காரங்களுக்கு இப்படி ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும்னு தோணும். மூணாவது வருஷம் லைனிங் கிழிஞ்சுது. ஈஸ்ட் ஹாம்ல ப்ளவுஸ் தைக்கிற யாழ்ப்பாணத்து அக்காகிட்ட கொண்டு போனேன், தடவிப் பார்த்துட்டு "நல்ல துணி பிள்ளை, எறிஞ்சு போடாதேங்கோ"ன்னு சொல்லி முப்பது பவுண்ட் வாங்கினாங்க. கோட்ட விட லைனிங்குக்கு செலவு ஜாஸ்தி, ஆனாலும் இன்னிக்கு வரைக்கும் ஒரு நூல் பிரியல.

ஏமாந்ததும் உண்டு. அலமாரில பல வருஷம் கிடந்த ஷூவ வாங்காதீங்க, மேல தோல் பளபளன்னு இருக்கும், அடியில பாலியூரிதேன்ங்கற பிளாஸ்டிக் சோல் காத்துல இருக்கற ஈரத்துல உள்ளுக்குள்ளேயே மக்கிப் போயிருக்கும். நான் ஒண்ணு போட்டுக்கிட்டு ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன், பின்னாடி பொரி சிந்தற மாதிரி சிந்திக்கிட்டே வந்துச்சு. சைஸ் நம்பரையும் நம்பக்கூடாது, பழைய லேபிள்ல 14ன்னு இருந்தா இப்போதைய 10 மாதிரிதான் பிடிக்கும், போட்டுப் பார்த்துட்டு எடுக்கறதுதான் வழி. துணிய ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா பூச்சி அரிச்ச ஓட்டை நட்சத்திரம் மாதிரி தெரியும்.

பூச்சி சமாச்சாரத்துல நான் நல்லா பட்டேன். ஒரு சால்வையோட அந்துப்பூச்சி முட்டையையும் சேர்த்து வீட்டுக்கு கொண்டு வந்து, ரெண்டு நல்ல ஸ்வெட்டர் காலி. அரிக்கறது பூச்சி இல்ல, அதோட புழுதான், கம்பளி பட்டு ரெண்டும் அதுக்கு விருந்து. இப்ப எது வாங்கினாலும் பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டி ரெண்டு வாரம் ஃப்ரீசர்ல, பட்டாணிக்கும் பரோட்டாவுக்கும் நடுவுல வச்சிடுவேன். வீட்டுக்காரர் ஒரு தடவை ஐஸ்கிரீம்னு எடுத்து ஸ்கர்ட்ட பிரிச்சுப் பார்த்தார். கும்பகோணத்துல எங்க பாட்டி பட்டுப்புடவைய பழைய வேட்டியில சுத்தி வச்சு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை நிழல்ல காயப்போட்டு மடிப்ப மாத்தி வைப்பாங்க, ஜரிகை மடிப்புல முறியக்கூடாதுன்னு. சின்ன வயசுல அது வேலை இல்லாத வேலைன்னு நெனப்பேன். இப்ப நான் கார்டிகன்கள அப்படியேதான் பண்றேன், அந்துருண்டைக்கு பதிலா லாவெண்டர் பை. துவைக்கறது வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவைதான், பச்சைத் தண்ணில, பிழியாம டவல்ல உருட்டி, தட்டையா காயவச்சு. ஹேங்கர்ல மாட்டினா தோள் பக்கம் கொம்பு முளைச்சிடும்.

விலைதான் இப்ப முன்ன மாதிரி இல்ல. கடைக்காரங்களும் போன்ல பிராண்ட தேடிப் பார்த்துட்டுத்தான் டிக்கெட் ஒட்டறாங்க. போன மாசம் ஒரு கடையில புதுசே மூணு பவுண்டுக்கு விக்கற டாப்புக்கு நாலரை போட்டிருந்தாங்க, கேட்டா "சேரிட்டிக்குத்தானே"ன்னு சிரிக்கறாங்க. அதுக்காக பேரம் பேச மனசு வரல, அந்தக் காசு எங்க போகுதுன்னு தெரியுமே. நான் இப்ப ரிச்மண்ட், சிஸ்விக் பக்கம் வார நாள் காலையில போறேன், பணக்கார ஏரியா, பீரோவும் பெருசு.

கடைசியா சொல்ல வேண்டியது ஒரு பழுப்பு தோல் ஹேண்ட்பேக், பன்னெண்டு பவுண்ட், வாங்கி மூணு வருஷமாச்சு. தோல் அப்படியே இருக்கு, கொக்கி மட்டும் போன வருஷம் லூஸாயிடுச்சு, ரிப்பேருக்கு நாப்பது கேட்டாங்க. இப்போதைக்கு ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டறேன்.