ஏ.ஐ. சந்தா கட்டலாமா? நான்கு வகைச் சாட்சிகளும் ஒரு சின்ன ஆபீஸும்

ஏ.ஐ. கருவி வாங்கிக் கொடுத்தால் கோடு (புரோகிராம்) எழுதும் வேலை வேகமாகுமா? முறையாக நடத்திய இரண்டு சோதனைகள் இதற்குப் பதில் வைத்திருக்கின்றன. பாதிக்கு மேல் நேரம் மிச்சம் என்கிறது ஒன்று. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு நேரம் கூடுதலாகப் போனது என்கிறது இன்னொன்று. இரண்டிலும் தில்லுமுல்லு எதுவும் இல்லை.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் பில்லிங் சாஃப்ட்வேர் செய்யும் எங்கள் குழுவில் பத்துப் பேர்கூடக் கிடையாது. எங்களுக்கு இது தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் டாலரில் போகும் காசு. மீட்டிங்கில் ஒருவர் யூடியூப் வீடியோவைக் காட்டுவார், இன்னொருவர் சென்னையில் இருக்கும் நண்பர் சொன்னதைச் சொல்வார். கடைசியில் யார் குரல் பெரிதோ அவர் சொன்னதே முடிவாகும். மருந்து விஷயத்தில் இப்படி விடுவதில்லையே, நம் தொழிலில் மட்டும் ஏன் என்று கேட்டு, பார்பரா கிச்சன்ஹாமும் இரண்டு சக ஆய்வாளர்களும் 2004-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சான்றை வைத்து முடிவெடுக்கும் மென்பொருள் பொறியியல் என்ற பேச்சு அதிலிருந்துதான் சூடுபிடித்தது.

ஜிப்மர் இருக்கும் ஊரில் இதை விளக்க ரொம்ப மெனக்கெட வேண்டாம். புது மருந்து யாருக்கு, பழையது யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடாத குறையாகத் தீர்மானிப்பார்கள். முடிந்தவரை, எதைச் சாப்பிடுகிறோம் என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது. நம் தொழிலில் குலுக்கல் முடியும், தெரியாமல் வைத்திருப்பதுதான் முடியாது. பக்கத்தில் ஏ.ஐ. இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் யாராவது கோடு அடிக்க முடியுமா?

சரி, சந்தா விஷயத்தில் நம்புவதற்கு இருக்கும் சாட்சிகள் நான்கு வகை: குலுக்கல் சோதனை, ரெப்போவை (கோடும் அதன் மாற்ற வரலாறும் கிடக்கும் களஞ்சியத்தை) தோண்டுவது, ஆட்களிடம் கேட்பது, ஒரு நிறுவனத்துக்குள் போய்ப் பார்ப்பது. நான்கையும் ஒரே தராசில் வைத்தால், எங்களைப் போன்ற குழுவுக்கு முதலாவது மட்டுமே காசுக்கு ஏற்ற சரக்கு என்பது என் கட்சி. அதுவும் வழக்கமாகச் செய்யும் விதத்தில் இல்லை.

குலுக்கல் சோதனை: ஒரே முறை, எதிரெதிர் விடை

முதல் சோதனை, கோடு எழுதும்போதே அடுத்த வரிகளைப் பரிந்துரைக்கும் கிட்ஹப் கோபைலட் என்ற ஏ.ஐ. கருவியைப் பற்றியது. கட்டுரை 2023-ல் வந்தது. ஃப்ரீலான்ஸ் டெவலப்பர்கள் 95 பேரை எடுத்து, ஜாவாஸ்கிரிப்டில் ஒரு எச்.டி.டி.பி. சர்வரை எழுதச் சொன்னார்கள். குலுக்கலில் ஒரு பகுதிப் பேருக்குக் கோபைலட் கிடைத்தது, மற்றவர்களுக்கு இல்லை. கருவி இருந்தவர்கள் சராசரியாக 71 நிமிடத்தில் முடித்தார்கள். இல்லாதவர்களுக்கு 161 நிமிடம் ஆனது. 55.8 சதவீதம் மிச்சம் என்று விளம்பரங்களில் ஓடும் எண் இதுதான். எழுதியவர்களில் கிட்ஹப், மைக்ரோசாஃப்ட் ஆட்களும் உண்டு. அதற்காகவே தள்ளிவிட வேண்டியதில்லை, நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவதை மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025-ல் வெளியிட்டது. இதில் வெறும் 16 பேர். ஆனால் எல்லோரும் பெரிய ஓப்பன் சோர்ஸ் (யாரும் கோடைப் பார்க்கக்கூடிய) திட்டங்களில் சராசரியாக 5 ஆண்டு புழங்கியவர்கள். செய்ததும் அவரவர் திட்டத்தில் உண்மையிலேயே கிடந்த 246 வேலைகளை. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகக் குலுக்கல்: இதில் ஏ.ஐ. பயன்படுத்தலாம், இதில் கூடாது. ஏ.ஐ. அனுமதித்த வேலைகளுக்கு 19 சதவீதம் அதிக நேரம் பிடித்தது.

ஏன் இந்த முரண்? முதல் சோதனையில் வேலை வெற்றுத் தாளில் தொடங்குகிறது, சர்வர் எழுதுவது உலகம் முழுக்க ஆயிரம் தடவை எழுதப்பட்ட விஷயம். இரண்டாவதில் பத்து லட்சம் வரிகளைத் தொடும் பழைய கோடு. அதன் சூட்சுமம் பாதி எழுதியவர் தலைக்குள் இருக்கிறது.

இதை எங்கள் ஆபீஸிலேயே பார்க்க முடிந்தது. புதுச்சேரியில் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனித் தலைவலி உண்டு: இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தெற்கே போனால் கடலூர், அது வேறு மாநிலம். உள்ளூர் விற்பனைக்கு சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும், கடலூருக்குச் சரக்கு போனால் ஐ.ஜி.எஸ்.டி. வாங்குகிறவருக்கு ஜி.எஸ்.டி. எண் இருந்தால் கவலையில்லை, முதல் இரண்டு இலக்கமே காட்டிக்கொடுத்துவிடும்: 34 என்றால் புதுச்சேரி, 33 என்றால் தமிழ்நாடு. எண் இல்லாத சில்லறை வாடிக்கையாளருக்கு முகவரியைத்தான் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் ஏ.ஐ. கருவி பளிச்சென்று ஒரு ஃபங்ஷன் எழுதிக் கொடுத்தது. பின்கோடு 605-ல் தொடங்கினால் புதுச்சேரி, 607 என்றால் தமிழ்நாடு. கோடு சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டும் சேர்த்தே எழுதியிருந்தது, எல்லாம் பச்சை, அதாவது பாஸ்.

ஒருவர் கோடை இன்னொருவர் சரிபார்க்கும் ரிவ்யூவில் பாகூர்க்காரத் தம்பி ஒருவர் பார்த்துவிட்டு, "அண்ணா, எங்க வீட்டுக்கு சிமெண்ட் எறக்குனா ஐ.ஜி.எஸ்.டி. போடுது" என்றார். பாகூரின் பின்கோடு 607402. புதுச்சேரி மாநிலம்தான், தபால்துறைக்கு மட்டும் கடலூர்ப் பக்கம். விழுப்புரமோ 605602, தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரன் போட்ட எல்லை அப்படி, கிழிந்த துணிக்கு ஒட்டுப்போட்ட மாதிரி. ஐந்து நிமிடத்தில் வந்த ஃபங்ஷனைத் திருத்தி, ஏற்கெனவே மாஸ்டர் டேபிளில் இருந்த ஊர்ப்பட்டியலோடு கோத்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. கையால் எழுதியிருந்தால் அந்தப் பட்டியலிலிருந்தே தொடங்கியிருப்போம்.

அதனால் குலுக்கல் சோதனையில் எண்ணைப் பார்ப்பதற்கு முன் மூன்று கேள்வி: யார் செய்தார்கள், எந்த வேலையை, யாருடைய கோடில்? 2005-ல் நார்வே ஆய்வாளர்கள் ஒரு கணக்கெடுத்தார்கள். மென்பொருள் சோதனைகளில் கலந்துகொண்டவர்களில் 9 சதவீதம் பேர்தான் தொழில்முறை ஆட்கள், பெரும்பாலோர் மாணவர்கள். கல்லூரிக்குள்ளேயே கிடைக்கிறவர்கள், காசும் கேட்க மாட்டார்கள், வேறு காரணம் வேண்டுமா? அதே நார்வேக் குழுவைச் சேர்ந்தவர்கள் 2007-ல் விதிவிலக்காக ஒன்று செய்தார்கள். ஜாவாவில் வேலை செய்யும் 295 கன்சல்டன்ட்களை வைத்து, இருவராக உட்கார்ந்து கோடு எழுதுவதையும் தனியாக எழுதுவதையும் ஒப்பிட்டார்கள். மொத்தத்தில் ஜோடிக்கு 84 சதவீதம் கூடுதல் உழைப்பு செலவானது. ஆனால் சிக்கலான சிஸ்டத்தில் சரியான விடைகள் 48 சதவீதம் கூடின. "ஜோடி நல்லதா கெட்டதா" என்று கேட்டவர்களுக்கு விடை கிடைக்கவில்லை. "எந்த வேலைக்கு ஜோடி" என்று கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

ரெப்போவைத் தோண்டுவது

ஆளைக் கூப்பிடவே வேண்டாம், கோடு சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் கோடி கோடியாய்க் கிடக்கிறது, எடுத்து எண்ணினால் போச்சு என்பது இந்த வழி. பார்க்கப் பிரமாதமாக இருக்கும். 2014-ல் 729 திட்டங்கள், 17 புரோகிராம் மொழிகள், 15 லட்சம் கமிட்டுகள் (பதிவான கோடு மாற்றங்கள்) என்று எடுத்துப் போட்டு, எந்த மொழியில் பக் (பிழை) அதிகம் என்று ஒரு ஆய்வு வந்தது. எத்தனையோ காபி இடைவேளைச் சண்டைகளுக்கு அது தீனி போட்டது. 2019-ல் வேறொரு குழு அதே தரவை எடுத்து மறுபடி செய்து பார்த்தது. பக்குகளோடு சம்பந்தம் இருப்பதாகச் சொன்ன 11 மொழிகளில் 4 மட்டுமே தேறின, அவற்றின் விளைவும் கடுகளவு. இடையில் ஒரு வேடிக்கை: டைப்ஸ்கிரிப்ட் மொழி என்று எண்ணப்பட்ட கோப்புகளில் ஏராளமானவை டைப்ஸ்கிரிப்டே இல்லை, மெனுவை வேற்று மொழியில் காட்ட வைத்திருந்த மொழிபெயர்ப்புக் கோப்புகள். இரண்டுக்கும் கோப்புப் பெயரின் வால் ஒன்றுதான்.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரியது. 2013-ல் ஜெர்மனியில் மூன்று பேர் 7,000-க்கும் மேற்பட்ட புகார்களைக் கையால் ஒவ்வொன்றாகப் படித்தார்கள். பக் என்று பதிவானவற்றில் மூன்றில் ஒரு பங்கு பக்கே இல்லை. புது வசதி கேட்டவை, ஆவணம் திருத்தச் சொன்னவை என்று என்னென்னவோ. எங்கள் ரெப்போவைத் திறந்தால் ஒழுங்கு தெரியும்: கமிட் செய்திகள் எல்லாம் "ஃபிக்ஸ்", "ஃபைனல் ஃபிக்ஸ்", "ஃபைனல் ஃபிக்ஸ் 2" என்றே இருக்கும். கமிட் செய்தி எழுதும் நேரம் சாயங்காலம் ஆறு மணி, பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரம். அதை வைத்து எதை நிரூபிப்பது? உலக அளவில் போக்குகளைப் பார்க்க இந்த வழி சரி. சின்னக் குழு தன் ரெப்போவை எண்ணி முடிவெடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆட்களிடம் கேட்பது

மலிவு, கூகுள் ஃபார்ம் போதும். ஆனால் வேகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். மெட்டர் சோதனையில் எல்லோரையும் உறைய வைத்தது 19 சதவீதம் இல்லை, இதுதான்: தொடங்கும் முன் அந்த 16 பேரும் சராசரியாக 24 சதவீதம் நேரம் மிச்சமாகும் என்று கணித்தார்கள். மெதுவாகச் செய்து முடித்த பிறகும், 20 சதவீதம் மிச்சமானது என்றே நம்பினார்கள். கற்றுக்குட்டிகள் யாரும் இல்லை அதில். மைக்ரோசாஃப்ட் டெவலப்பர்கள் 564 பேரிடம் கேட்டு 2016-ல் வந்த ஆய்வும் இதே திசையில்தான் போகிறது. அவர்களுடைய நம்பிக்கைகள் பெரும்பாலும் சொந்த அனுபவத்திலிருந்து வந்தவை, ஆய்வு முடிவுகளிலிருந்து வந்தவை கொஞ்சமே.

கருவி பிடித்திருக்கிறதா, எரிச்சல் எங்கே, வேலைக்கு வரும்போது மனநிலை எப்படி என்று கேட்க இதைவிட நல்ல வழி கிடையாது. வேகத்துக்கு மட்டும் இந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

நிறுவனத்துக்குள் போய்ப் பார்ப்பது

இந்த வகையில் நான் மதிக்கும் உதாரணம் 2008-ல் வந்தது. முதலில் டெஸ்ட், பிறகு கோடு என்ற முறையைக் கடைப்பிடித்த நான்கு குழுக்கள், ஐ.பி.எம்.மில் ஒன்று, மைக்ரோசாஃப்ட்டில் மூன்று. அதே போன்ற மற்ற குழுக்களோடு ஒப்பிட்டால் குறைகளின் அடர்த்தி 40 முதல் 90 சதவீதம் வரை குறைவு. ஆனால் தொடக்கக் கட்டத்தில் 15 முதல் 35 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது என்பது அந்தந்த மேலாளர்களின் மதிப்பீடு. உண்மையான டெட்லைன், உண்மையான வாடிக்கையாளர், சோதனைக்கூட வாசனையே இல்லை. குலுக்கலும் இல்லை என்பதுதான் பிரச்சினை. புது முறையை இழுத்துப் போட்டுச் செய்த குழுவே கொஞ்சம் கெட்டிக்காரக் குழுவாக இருந்திருந்தால்? அதைப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

சின்ன ஆபீஸில் இதன் ஏழை வடிவம் "முன்பு, பின்பு" ஒப்பீடு: போன மாதம் கருவி இல்லை, இந்த மாதம் இருக்கிறது, பார்க்கலாம். இதுதான் நான்கிலும் மோசமான ஏமாற்று. மார்ச் என்றால் வருடக் கணக்கு முடிக்கும் வாடிக்கையாளர்கள் போனிலேயே கிடப்பார்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஊரையே முக்கியெடுத்தது. அந்த வாரத்தையும் அதற்கு அடுத்த மாதத்தையும் ஒப்பிட்டால் எந்தக் கருவியும் அற்புதமாகத்தான் தெரியும்.

அப்புறம் என்ன செய்வது

மெட்டர் செய்ததை எடுத்துக்கொள்ளலாம், அளவை மட்டும் குறைத்து. ஆளைக் குலுக்கக் கூடாது, டிக்கெட்டை (ஒவ்வொரு தனி வேலையையும்) குலுக்க வேண்டும். இரண்டு பேரில் ஒருவருக்குக் கருவி கொடுத்து இன்னொருவருக்குக் கொடுக்காமல் இருந்தால், கடைசியில் அளந்தது அந்த இரண்டு பேரின் வித்தியாசத்தையே. 1968-ல் ஒரு புகழ்பெற்ற சோதனையில் 12 புரோகிராமர்களுக்குள் 28-க்கு 1 என்று வித்தியாசம் வந்தது. கலக்கக் கூடாத சூழல்களைக் கலந்து எடுத்த விகிதம் அது என்று பிற்பாடு விமர்சனம் வந்தது, அது நியாயமும்கூட. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஆளுக்கு ஆள் இடைவெளி பெரிதுதான். ஒரே ஆள், பல டிக்கெட், ஒவ்வொன்றுக்கும் காசு சுண்டிப் போட்டால் அந்த இடைவெளி தொந்தரவு செய்யாது.

நாங்கள் வைத்திருப்பது ஒரு எக்செல் ஷீட். டிக்கெட் எண், எந்த மாட்யூல், எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணிப்பு, பூவா தலையா, ஆன நேரம், ரிவ்யூ நேரம், வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்ததா. கணிப்பை எழுதிய பிறகுதான் சுண்ட வேண்டும். முதலில் சுண்டினால் தலை விழுந்த, அதாவது ஏ.ஐ. பயன்படுத்தலாம் என்ற, டிக்கெட்டுக்குக் கணிப்பே குறைந்துவிடுகிறது, மனித மனசு. ரிவ்யூ நேரத்தைத் தனிப் பத்தியாக வைப்பதற்குக் காரணம் பாகூர். எழுதியவருக்கு மிச்சமான நேரம் பார்த்தவர் தலையில் விழுந்தால் அது மிச்சமே இல்லை.

பெரிய எண் எதுவும் சொல்லும் அளவுக்கு இன்னும் டிக்கெட் சேரவில்லை. ஆனால் மாட்யூல் வாரியாகப் பிரித்தால் ஒரு சாய்வு தெரிகிறது. புதிதாகத் தொடங்கிய மொபைல் ஆப் பக்கம் கருவி கை கொடுக்கிறது. ஜி.எஸ்.டி. பக்கம் ரிவ்யூ பத்தி வீங்குகிறது. அதனால் இப்போதைக்கு மொபைல் ஆப்பில் இருப்பவர்களுக்குச் சந்தா தொடரும். ஜி.எஸ்.டி. பக்கத்துக்கு ஒரே ஒரு சந்தா, காசு சுண்டுவதற்காக மட்டும். மார்ச் மாத டிக்கெட்டுகளைத் தனி ஷீட்டில் போடச் சொல்லியிருக்கிறேன்.