டெஸ்ட்களைச் சேர்த்து ஓட்டுவதா, ஒவ்வொன்றாகவா? பல வருஷம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

வேலூர் சத்துவாச்சாரியில் சின்ன டீம் எங்களுடையது. ராணிப்பேட்டை தோல் ஷெட்களுக்கும் ஆம்பூர் ஷூ யூனிட்களுக்கும் ஸ்டாக், ஜாப் ஒர்க் சலான் (வேலைக்கு வெளியே அனுப்பும் சரக்குடன் போகும் சீட்டு), ஜிஎஸ்டி பில் போடும் மென்பொருள் எழுதுகிறோம். மொழி பைதான், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், கோட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்களுக்கு பைடெஸ்ட். டெஸ்ட் பெருகிப் பெருகி, வரிசையாக ஓட்டினால் டீக்கடைக்குப் போய்த் திரும்பினாலும் முடிந்திருக்காது என்ற நிலை வந்தபோது டெஸ்ட்களைப் பிரித்து ஒரே சமயத்தில் ஓட்டும் எக்ஸ்டிஸ்ட் பிளகினைப் போட்டோம். பல வருஷம் ஆகிவிட்டது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தினமும் பேரலலாக (ஒரே சமயத்தில் பல) தான் ஓட்டுகிறோம், சீரியலையும் (ஒவ்வொன்றாக) கைவிடவில்லை. வேகத்துக்காகப் போட்டதுதான், ஆனால் அது நம் கோடில் காட்டிக்கொடுக்கும் விஷயங்களுக்காகவே இன்றும் வைத்திருக்கிறோம்.

எட்டு கோர் இருந்தால் எட்டில் ஒரு பங்கு நேரத்தில் முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். எக்ஸ்டிஸ்ட், டெஸ்ட் ஓட்டும் ஒவ்வொரு ஒர்க்கரையும் தனி பிராசஸாகத் திறக்கிறது. ஒவ்வொன்றும் எல்லா டெஸ்டையும் முதலில் தானே சேகரிக்கும், செஷன் ஃபிக்ஸ்ச்சர்களை (டெஸ்ட்களுக்கு முன் ஒருமுறை செய்யும் தயாரிப்பு வேலைகளை) ஒர்க்கருக்கு ஒருமுறை ஓட்டும். எங்கள் ஹெச்எஸ்என் (ஜிஎஸ்டி சரக்குக் குறியீடு) பட்டியலை, அத்தியாயம் 41 தோல், 64 காலணி என்று முழுசாக, ஒவ்வொரு ஒர்க்கரும் தனித்தனியாக ஏற்றிக்கொண்டிருந்தது. அப்புறம் லோட்ஃபைல் முறையில் ஒரு ஃபைலின் டெஸ்ட் எல்லாம் ஒரே ஒர்க்கருக்குத்தான் போகும். ஒரு ஃபைல் மட்டும் பெரிதாக இருந்தால் மற்றவர்கள் வேலை முடித்துச் சும்மா நிற்க, அந்த ஒன்று மட்டும் கடைசிவரை ஓடும். டியூரேஷன்ஸ் ஆப்ஷனைப் போட்டு மெதுவான டெஸ்ட்களைப் பார்த்து ஃபைலைப் பிரித்தோம், கோர் எண்ணிக்கையைக் கூட்டியதைவிட அதில்தான் நேரம் மிச்சமானது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் எல்லா ஒர்க்கருக்கும் ஒரே டெஸ்ட் டேட்டாபேஸ்தான். எங்களிடம் இன்டர்னாக இருந்த ஒரு பையன் வந்து, "அண்ணா, சலான் டெஸ்ட் தனியா ஓட்டினா பாஸ் ஆகுது, சேர்த்து ஓட்டினா சில சமயம் ஃபெயில் ஆகுது, ரீரன் போட்டா சரியாயிடுது" என்றான். "ரீரன் போடாதப்பா, என்ன நம்பர் வந்ததுன்னு லாக்ல பாரு" என்றேன். பார்த்தால் இரண்டு சலானுக்கும் ஒரே நம்பர். டேபிளில் இருக்கும் பெரிய நம்பரை எடுத்து ஒன்று கூட்டிப் போடுகிற பழைய முறை அது. இரண்டு ஒர்க்கர் ஒரே நொடியில் படித்தால் இரண்டுக்கும் அதே விடைதானே வரும். இது டெஸ்டின் கோளாறு இல்லை. ஒரு ஷெட்டில் வெட் புளூ (குரோம் பதனிட்ட ஈரத் தோல்) லோடு இரண்டு கேட்டில் ஒரே சமயத்தில் கிளம்பி, இரண்டு கிளார்க்கும் என்டரை அழுத்தினால் அங்கேயும் இதேதான் நடக்கும். ஜிஎஸ்டி விதி 46 பில் நம்பர் தொடர்ச்சியாக, 16 எழுத்துக்குள், அந்த நிதியாண்டில் திரும்ப வராதபடி இருக்க வேண்டும் என்கிறது. சலானுக்கும் தொடர் எண் வேண்டும். ஒவ்வொன்றாக ஓட்டியிருந்தால் இந்தக் கோளாறு எங்கள் கண்ணில் பட்டே இருக்காது.

தானாக அடுத்த நம்பரைத் தரும் போஸ்ட்கிரெஸ் சீக்வென்ஸ் போட்டுவிடலாமே என்று தோன்றும். டிரான்சாக்ஷன் ரோல்பேக் ஆனாலும் (பாதியில் ரத்தானாலும்) எடுத்த நம்பர் திரும்பி வராது, தொடரில் ஓட்டை விழும். அதனால் ஒவ்வொரு சீரிஸுக்கும் டேபிளில் ஒரு கவுன்டர் ரோ வைத்து, 'செலக்ட் ஃபார் அப்டேட்' போட்டு அதைப் பூட்டி நம்பர் எடுக்கிறோம். கொஞ்சம் மெதுவாகும்தான், சலான் போடும் வேகத்துக்கு அது தாராளம்.

இதற்குப் பிறகு ஒர்க்கருக்கு ஒரு டேட்டாபேஸ் என்று பிரித்தோம். ஒர்க்கர் பெயரை, ஜிடபிள்யூ0, ஜிடபிள்யூ1 என்று வரும், டேட்டாபேஸ் பெயரின் வாலில் ஒட்டினால் போதும். ஜாங்கோ (பைதான் வெப் ஃபிரேம்ஒர்க்) ஆட்களுக்கு பைடெஸ்ட்-ஜாங்கோ இதைத் தானாகவே செய்துவிடும். ரெடிஸில் (மெமரியில் ஓடும் டேட்டா ஸ்டோர்) ஒர்க்கருக்கு ஒரு டேட்டாபேஸ் எண், இயல்பாக 16 டேட்டாபேஸ்தான் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். போர்ட் தேவைப்பட்டால் 0 கொடுத்தால் சிஸ்டமே காலியான ஒன்றைத் தரும். எல்லாம் பச்சையாகிவிட்டது. ஆனால் இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், ஏனென்றால் டேட்டாபேஸைப் பிரித்த பிறகு அந்த இரட்டை நம்பர் கோளாறு மறுபடி கோடில் நுழைந்தாலும் எந்த டெஸ்டும் அதைப் பிடிக்காது. ஆகவே ஒரே டேட்டாபேஸில் இரண்டு கனெக்ஷன் திறந்து வேண்டுமென்றே ஒரே சமயத்தில் நம்பர் கேட்கும் டெஸ்டைத் தனியாக எழுதி வைத்தோம். பேரலலாக ஓட்டுகிறோம், மோதல் இருந்தால் தெரிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரித்து வைத்தவை மோதாது.

மே மாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வெயில் தெரிந்ததுதான், 40 டிகிரியைத் தாண்டும். கரண்ட் போய் ஏசி நின்று, இன்வெர்ட்டரில் ஃபேன் மட்டும் சுற்றும்போது கோர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒர்க்கர் திறக்கும் '-n auto' ஆப்ஷனைப் போட்டால் லேப்டாப் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எட்டைவிட நான்கு ஒர்க்கரில் சீக்கிரம் முடிந்ததை நேரிலேயே பார்த்தோம். சீராக ஓடவும் செய்கிறது, ஏனென்றால் மெஷின் திணறும்போது டைம்அவுட் வைத்த டெஸ்ட்கள்தான் முதலில் விழும்.

சீரியல் எதற்கு என்றால், முதலில் டீபக் செய்ய, அதாவது பிழை தேட. எக்ஸ்டிஸ்டில் பிரின்ட் போட்டது திரையில் வராது, பிடிபி என்ற டீபகரும் ஓடாது. ஃபெயிலான ஃபைலை மட்டும் ஒர்க்கர் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பதுதான் வழி. இரண்டாவது, இரவு ஓட்டம். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக, ஆனால் வரிசையைக் கலைத்துப் போட்டு ஓட்டுகிறோம், வரிசையைக் கலைக்கும் ரேண்டம்லி பிளகின் அந்தக் கலைப்புக்கான விதை எண்ணைக் காட்டுவதால் அதே வரிசையை மறுநாள் திரும்பக் கொண்டுவரலாம். முன்னால் ஓடிய டெஸ்ட் விட்டுச் சென்ற தரவில் ஒட்டிக்கொண்டு பாஸ் ஆகும் டெஸ்ட்கள் இதில் மாட்டும். 2014இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் அப்பாச்சி திட்டங்களில் நிலையற்ற (சில சமயம் பாஸ், சில சமயம் ஃபெயில் ஆகும்) டெஸ்ட்களை ஆராய்ந்தபோது முதல் மூன்று காரணங்களாக வந்தவை, ஒத்திசைவில்லாத வேலைக்குச் சரியாகக் காத்திராதது, ஒருங்கே ஓடும் கோடின் மோதல், டெஸ்ட் வரிசையை நம்பியிருப்பது. எங்கள் பட்டியலும் ஏறக்குறைய அதேதான்.

ஃபிரன்ட்எண்டில் (பயனர் பார்க்கும் திரைப் பகுதியில்) ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்ட்களை ஓட்டும் ஜெஸ்ட் இயல்பாகவே ஃபைல்களைப் பேரலலாக ஓட்டும், ஒரு ஃபைலுக்குள் வரிசையாகத்தான் போகும். அங்கே எங்களுக்குத் தொல்லை எதுவும் இல்லை. இன்னும் சேர்த்து ஓட்ட முடியாமல் இருப்பவை லேபிள் பிரின்டர் டெஸ்ட்கள் மட்டும்தான். ஒரே ஒரு பிரின்டர் இருக்கிறது, ஆகவே அவற்றுக்கு எக்ஸ்டிஸ்ட் குரூப் மார்க் போட்டு, லோட்குரூப் முறையில் ஒரே ஒர்க்கரிடம் கொடுத்துவிட்டோம்.